நாற்பது மில்லிகிராம் குறைவு

பெண் வீட்டார் என் விரலில் போட்டுவிட்ட மோதிரத்தை, அவர்கள் கண்ணெதிரிலேயே கழற்றி, தராசில் வைத்து எடை பார்த்தவன் நான். இதை மறுக்க வழியில்லை. பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பதினொரு பேர் இன்றும் நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள்.

என் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. ஆசைப்பட்டு நான் அதைச் செய்யவில்லை, இயற்பியலுக்காகச் செய்தேன். (இந்த விளக்கம் இதுவரை ஒரு வீட்டிலும் எடுபட்டதில்லை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் அம்மாவும் இருந்தோம். பதினாலு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு. வெயில், மழை, பஸ் வந்த நேரம், பஸ் வரவேண்டிய நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அதில் இருக்கும். கிணத்துக்கடவுக்குப் பெண் பார்க்கப் போன நாளின் குறிப்பு இது: "கோமதி. பி.எஸ்ஸி. கணிதம். பள்ளி ஆசிரியை. காபியில் சர்க்கரை அதிகம். சம்மதம்." கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். மாதச் சராசரி மழை அளவுக்கே ஒரு கோடு போடுகிறவன் நான்.

இதற்கு முன் ஆறு ஜாதகங்கள் வந்து, பொருந்தி, என்னை நேரில் பார்த்தபின் பொருந்தாமல் போயிருந்தன. அம்மா பழனிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். கோமதி வீட்டாரிடமிருந்து "மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துத் தட்டு மாத்திக்கலாம்" என்று தகவல் வந்தபோது, "அன்னிக்கு நீ வாயைத் தொறக்கக் கூடாது கண்ணு" என்பது மட்டுமே அவர் எனக்கு இட்ட கட்டளை.

அந்தக் காலத்தில் நான் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தேன். தலைப்பு, இசட் என்ற துகளின் எடை. ஜெனிவா பக்கத்தில் மண்ணுக்கு அடியில் இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம் தோண்டி, அதற்குள் எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளையும் மோதவிட்டு, நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் இந்த எடையை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வெளியிட்ட எண்களை வைத்துக்கொண்டு, அவர்கள் அளவில் எங்கெங்கே எவ்வளவு பிழை இருக்கலாம் என்று நான் கோவையிலிருந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். (அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை.)

வீட்டில் முன்னறையில், சாமி படங்களுக்குக் கீழே, ஒரு தராசு இருந்தது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டுகள் தொங்க, நடுவில் நீளமான முள் ஆடுமே, அதுதான். கல்லூரியில் கழித்துக்கட்டியபோது நான் வாங்கி வந்தது. கூடவே மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்கள், அவற்றை எடுக்க ஓர் இடுக்கி. மற்றவர்கள் வீட்டில் அந்த இடத்தில் டிவி இருக்கும்.

ஐப்பசி கடைசி வாரம், ஞாயிற்றுக்கிழமை. பத்தரை மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். தட்டை மாற்றிவிட்டால் கல்யாணம் உறுதி. மாற்றாதவரை எதுவும் உறுதியில்லை. எங்கள் தட்டும் அவர்கள் தட்டும் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழத்தோடு பாயில் அருகருகே இருந்தன.

அவர்கள் தரப்பில் முக்கியமானவர் ரங்கசாமி, கோமதியின் தாய்மாமன். கோமதியின் அப்பா இளவயதிலேயே தவறிவிட்டதால் அவளைப் படிக்கவைத்து வளர்த்தவர் அவர்தான். கிணத்துக்கடவில் கொப்பரை வியாபாரம். அவர் கடையில் போட்ட எடையை வேறு எங்கும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று பொள்ளாச்சி வரைக்கும் பேர். வந்ததும் வெள்ளைத் துண்டைச் சரிசெய்துகொண்டு, மடியிலிருந்து ஒரு சிறு சிவப்புப் பெட்டியை எடுத்து, என் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டார்.

"ஒரு பவுனுங்க. நேத்துத்தான் நானே நின்னு வாங்கினது."

நான் கும்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை. அம்மா நிம்மதியாகச் சமையலறைக்குப் போனார். அந்த நிம்மதிதான் தப்பு.

"மாப்பிள்ளை என்னமோ ஆராய்ச்சி பண்றதாச் சொன்னாங்க," என்றார் மாமா, பேச்சை வளர்க்க.

"ஒரு துகளோட எடையைப் பத்திங்க."

எடை என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்றும் மறக்கவில்லை. இந்தச் சம்பந்தத்தில் பேச ஒரு பொது விஷயம் கிடைத்துவிட்டது அவருக்கு.

"அப்படிங்களா. எத்தனைங்க இருக்கும்?"

"தொண்ணூத்தொன்னு புள்ளி ஒன்னு எட்டு எட்டுங்க. கடைசி எட்டுலதான் கொஞ்சம் சந்தேகம்."

"கிலோவுங்களா?"

"ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுங்க. கிராமுல சொன்னா, புள்ளிக்கு அப்புறம் இருபத்தொரு சைபர், அப்புறம் ஒன்னு, ஆறு."

மாமா சிறிது நேரம் சைபர்களை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தார்.

"ரொம்ப லேசானதுங்களாட்ட இருக்குது."

"இல்லீங்க, ரொம்பக் கனமானதுங்க. கிட்டத்தட்ட ஒரு வெள்ளி அணு அளவுக்கு வரும்."

"சரிங்க," என்றார். கொப்பரை வியாபாரி, மரியாதை தெரிந்தவர். "அத்தனை சின்னதைத் தட்டுல எப்படீங்க வெப்பாங்க?"

"தட்டே கிடையாதுங்க. ரேடியோவுல முள்ளைத் திருப்பறீங்க, ஒரு நம்பர்ல மட்டும் சத்தம் ஜாஸ்தியாக் கேக்குது, அதுதான் ஸ்டேஷன்னு சொல்றோமில்லீங்களா? அதாட்ட மோதற வேகத்தைக் கூட்டிக் குறைச்சுப் பார்ப்பாங்க. எந்த இடத்துல இந்தத் துகள் நெறையா வருதோ அதுதான் எடை."

"அப்ப தராசே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"தராசில்லாத எடையை எப்படீங்க நம்பறது?"

பாயில் உட்கார்ந்திருந்த உறவினர்கள் தலையாட்டினார்கள். அறிவியலின் மானம் என் கையில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் சொன்னேன்: "மாமா, அங்க நெலா உச்சிக்கு வந்தா பூமியே துளி எக்குமுங்க. அந்த இருபத்தேழு கிலோமீட்டர் வளையத்துல ஒரு மில்லிமீட்டர் மாறும். அதையும் கழிச்சுத்தான் எடை சொல்வாங்க. பக்கத்துல ரயில் போனா, தண்டவாளத்துல இருந்து மண்ணுக்குள்ள கரண்ட் கசியும். அதையும் கழிப்பாங்க."

"நெலாவைக் கழிக்கறாங்களா," என்றார் மாமா மெதுவாக.

"எடை போடறதுன்னா அப்படித்தானுங்க. வேணும்னா காட்டறனுங்களே."

இந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். துளி எக்கக்கூட இல்லை.

எல்லோருக்கும் எடை தெரிந்த ஒரு பொருளை எடுத்துப் போட்டுக்காட்டுவதுதான் முறை. அறையில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பவுன் எட்டு கிராம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். மோதிரத்தைக் கழற்றினேன்.

மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். கதவருகே இருந்தவரை உள்ளே வரச்சொல்லிக் கதவையும் சாத்தினேன். தரை அதிரக்கூடாது, யாரும் எழுந்து நடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கோமதியின் சித்தி முந்தானையை வாயில் வைத்தபடி, "ஏனுங்க, மூச்சு விடலாமுங்களா?" என்றார்.

"தராசுப் பக்கம் பார்த்து வேண்டாமுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு தடவை எடை போட்டுச் சொல்லியிருந்தால்கூட இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் மோதிரத்தை இடது தட்டில் வைத்து ஐந்து முறை, தராசுக் கைகளின் நீளம் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம் என்பதால் வலது தட்டில் வைத்து ஐந்து முறை போட்டேன். ஒவ்வொரு எண்ணையும் தாளில் எழுதினேன். சராசரி எடுத்தேன். சராசரியின் பிழையையும் எடுத்தேன். மொத்தம் பதினேழு நிமிடம். பதினான்கு பேரும் பட்டுத் துணியில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு முறை சமையலறைக் கதவைத் திறந்து பார்த்தார். காற்று வருகிறது என்று கைகாட்டினேன். மூடிக்கொண்டார்.

"ஏழு புள்ளி ஒன்பது ஆறு கிராம்," என்று அறிவித்தேன். "பிழை கூடினாலும் குறைஞ்சாலும் ஒரு மில்லிகிராம்தான்."

மாமா கேட்டார்: "அப்ப எட்டு இல்லீங்களா?"

"இல்லீங்க. நாற்பது மில்லிகிராம் கம்மி."

"தராசு எச்சுக்கம்மி காட்டுமில்லீங்களா?"

இந்த ஒரு கேள்வியில் அவர் எனக்கு ஏணி இறக்கினார். ஏறி வந்திருக்கலாம். ஆனால் என் கையில் பத்து அளவீடுகள் இருந்தன. பத்தும் ஒன்றுக்கொன்று அவ்வளவு அழகாக ஒத்துப்போயிருந்தன.

"அதுக்கு வாய்ப்பே இல்லீங்க மாமா," என்றேன், நிறைந்த மனதோடு. "இது உறுதியாக் கம்மிதானுங்க."

  மாமா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா எடை போடறனுங்க," என்றார், என்னிடம் அல்ல, பொதுவாக. "ஒருத்தன் கம்மின்னு சொன்னதில்லை. இன்னைக்கு என்ற மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, மோதரம் போட்டு, கம்மின்னு கேட்டாச்சு."

(பதினெட்டு வருடம் வளர்த்த மருமகளை அவர் எப்போதும் 'என்ற மக' என்றுதான் சொல்வார்.)

அப்போதுதான் என் தாளில் இல்லாத எதுவோ நடந்துவிட்டது எனக்கு உறைத்தது. சமாதானப்படுத்த நினைத்தேன்.

"நீங்க ஒன்னும் நெனைச்சுக்காதீங்க மாமா. ஜெனிவாவுல நெலாவால..."

"நெலாவா இந்த மோதரத்தை வாங்கிட்டு வந்துச்சு?" என்றார் மாமா.

அம்மா வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், வெறும் விரலைப் பார்த்தார். நடந்தது முழுவதும் யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. "ஏங் கண்ணு," என்று மட்டும் சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மாமா எழுந்தார். கிளம்பப் போகிறார் என்று எல்லோரும் எழுந்தார்கள். ஆனால் அவர் வாசலுக்குப் போகவில்லை. தராசுக்கு வந்தார். மரப்பெட்டியிலிருந்து ஐந்து கிராம் எடைக்கல்லை விரலாலேயே எடுத்தார்.

"கையால தொடாதீங்க மாமா, வேர்வை..."

அவர் கேட்கவில்லை. எடை பற்றித் தகராறு வந்தால் ஒரு வியாபாரி முதலில் என்ன செய்வாரோ அதைச் செய்தார். கல்லைத் தலைகீழாகத் திருப்பினார். கடை எடைக்கற்களுக்கு அடியில் ஈயம் அடைத்து, அதன்மேல் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும். அதைத் தேடினார். முத்திரை இல்லை. வேறொன்று இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு இரண்டு கிராம் கல்லைத் திருப்பினார். அதிலும் இருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, இதென்னுங்க?"

பார்த்தேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"சந்தனமுங்க."

"மேல செவப்பா?"

"குங்குமமுங்க."

"ஆரு வெச்சது?"

"நானுங்க. ஆயுத பூஜைக்கு."

கோவையில் ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்காத பொருள் கிடையாது. லேத்துக்கு உண்டு, பம்புசெட்டுக்கு உண்டு, டவுன் பஸ்ஸுக்கு உண்டு. என் ஆயுதம் தராசு. முகப்பில் பொட்டு வைத்தால் எண் மறைந்துவிடும் என்று ஒவ்வொரு கல்லையும் கவிழ்த்து, அடியில், சரிநடுவில், ஒரே அளவாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். பிற்பாடு துடைக்க மறந்தேன். பொட்டு ஒன்றுக்கு இருபது மில்லிகிராம். நான் பயன்படுத்திய பித்தளைக் கற்கள் இரண்டு. மீதிக்குப் போட்டவை மெல்லிய தகடுகள். அவற்றில் பொட்டு வைக்க இடமில்லை. கணக்கு மிகச் சரியாக வந்தது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

மாமா இரண்டு கற்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நெலாவைக் கழிச்சீங்க. ரயிலைக் கழிச்சீங்க. எங்கூட்டுப் பொம்பளைங்க மூச்சைக் கழிச்சீங்க. அடியில இருக்கற சந்தனத்தைக் கழிக்கோணும்னு தோணலீங்களா?"

அம்மா கற்களை வாங்கிக்கொண்டு போய்ச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, அடுப்பு அனலில் காட்டி எடுத்துவந்தார். மறுபடி எடை போட்டேன். இம்முறை ஒரே தடவை, கல் ஆறும்வரைகூடக் காத்திருக்காமல் (சூடான கல் தராசில் துளி லேசாகக் காட்டும்).

"எட்டு புள்ளி பூஜ்யம் ஒன்னு. பத்து மில்லி எச்சு," என்றேன், தரையைப் பார்த்து.

"எச்சுங்களா? வெச்சுக்குங்க," என்றார் மாமா.

கடிகாரத்தில் பன்னிரண்டு நான்கு. எமகண்டம் தொடங்கியிருந்தது. இரண்டு தட்டுகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவர்கள் தங்கள் தட்டை எடுத்துக்கொண்டார்கள். மாமா அம்மாவிடம் கைகூப்பி, "ஊட்டுக்குப் போய்க் கலந்து பேசிப்போட்டுச் சொல்லியனுப்பறமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் இந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஏற்கெனவே ஆறு முறை கேட்டிருந்தோம்.

இருபது பேருக்குச் செய்த பாயசம் மிஞ்சியது. அம்மா அன்று முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளர் காலியாகும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

திங்கள்: "மழை இல்லை. தகவல் இல்லை." செவ்வாய்: "தூறல். தகவல் இல்லை." செவ்வாய் மாலை மாமாவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம், ஓர் அட்டவணை. அம்மா அட்டவணையைப் பார்த்ததும் வாங்கிக் கிழித்துப்போட்டார். கட்டிலில் படுத்து, எடைக்கல்லைத் துடைக்காத ஒரு காரணத்துக்காக, சர்க்கரை அதிகம் போட்ட காபியை வாழ்நாள் முழுக்க வேறொருவன் குடிக்கப்போகிறான் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த எண்ணத்துக்கு என்னால் பிழைக்கணக்குப் போட முடியவில்லை.

புதன்கிழமை மதியம் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது, எனக்குப் போன் என்று. எடுத்தேன்.

"கோமதி பேசறனுங்க."

அலுவலகத்தில் மூன்று பேர் தட்டச்சை நிறுத்தினார்கள்.

"ஒன்னே ஒன்னு கேக்கோணுமுங்க," என்றாள். "எடை கம்மியா வந்ததும், மாமன் ஏமாத்திப்போட்டாருன்னு நெனைச்சீங்களா?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "இல்லீங்க. ஆரைப் பத்தியும் ஒன்னும் நெனைக்கலீங்க. நம்பர் வந்துதுங்க. சொல்லிப்போட்டேன்."

"அதையேதானுங்க நானும் மாமன்கிட்டச் சொன்னேன். அந்த ஆளுக்கு ஒருத்தரைச் சந்தேகப்படற அளவுக்கெல்லாம் விவரம் பத்தாதுன்னு."

என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதற்கு இணை கிடையாது.

"மாமா என்ன சொன்னாருங்க?"

"எங்க சொல்றாரு. மூணு நாளா சோத்துக்கு உக்காந்தாச் சிரிப்பு வந்து பொரை ஏறுதுங்க. கல்யாணத்தை முடிச்சுப்போட்டாத் தெளிஞ்சிரும்னு அத்தை சொல்றாங்க. வார வெள்ளிக்கிழமை தட்டு மாத்த வாராங்க." குரலைத் தாழ்த்தினாள். "அந்த நெலா சமாசாரம் நெசந்தானுங்களா?"

"நெசமுங்க. அதாவது, நெலாவோட ஈர்ப்பு..."

"கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லுங்க. இது மாமன் கடைப் போனு."

வெள்ளிக்கிழமை தட்டு மாறியது. தராசை அம்மா முந்தின நாளே பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டார்.

தை மாதம் கல்யாணம். வரவேற்பில் எனக்குச் சந்தனம் வைக்க முதல் ஆளாக மாமா மேடை ஏறினார். நெற்றியில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கிக்குக் கேட்கும் அளவில், "மாப்பிள்ளை இப்ப இருபது மில்லி எச்சுங்க, குறிச்சுக்குங்க" என்றார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மண்டபமே சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் யோசித்துக்கொண்டிருப்பேன். (வரவேற்புச் சந்தனம் ஈரமானது, இருபதுக்கு மேலேயே இருக்கும்.)

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பங்களிலும் எது குறைந்தாலும் காரணம் நிலாதான். ரசத்தில் உப்பு குறைந்தால் நிலா. பையன் கணக்கில் மார்க் குறைந்தால் நிலா. இசட் துகள் பற்றி எங்கள் சொந்தத்தில் நூறு பேருக்குமேல் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அதைப்பற்றித் தெரிந்தது, அதை எடை போடப்போய்த்தான் ஒருத்தனுக்குக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது என்பதுதான்.

என் வருத்தமெல்லாம் கதை ஊதிப்போவதில்தான். சித்தி சொல்லும்போது அறையில் முப்பது பேர். எங்கள் பெரிய பையன் சொல்லும்போது ஒரு மணி நேரம் மூச்சடக்கினார்கள். கோமதி சொல்லும்போது பொட்டு எலுமிச்சை அளவு இருக்கிறது. பதினான்கு பேர், பதினேழு நிமிடம், இருபது மில்லிகிராம். இதைப் பதிவு செய்துவைக்கத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

எழுதியதைக் கோமதியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்க," என்றாள். "சந்தனம் காயக் காய எடை கொறையுமே. வெச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு போடாம, இருபது மில்லின்னா எப்படீங்க நம்பறது?"

எழுந்து போய்ப் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு நாள்.